மாலெம் மஹ்மூத் கினியா: கிம்ப்ரி வாசித்தவரா, ராத்திரியை நடத்தியவரா?

தேய்ந்த_நாடா

போன வாரம் வேறொரு இழையில் மஹ்மூத் கினியாவை "மொராக்கோவின் பாஸ் கிட்டார் மேதை" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அங்கேயே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் தனி இழை. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு: 1951-இல் மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் இருக்கும் எஸ்ஸவீராவில் பிறந்தார். 2015 ஆகஸ்டில் காலமானார். அப்பா பூபக்கர் கினியா அந்த ஊரின் பெரிய க்னாவா மாலெம். (க்னாவா என்பது சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்த கூட்டம், அவர்களுடைய சடங்கிசைக்கும் அதே பெயர்.) மஹ்மூதின் சகோதரர்கள் அப்துல்லா, மொக்தார் இருவரும் மாலெம்கள். சகோதரி ஸைதா ஒரு மொகத்தமா (கீழே சொல்கிறேன்). மகன் ஹுஸாமும் இதே வேலையில்தான் இருக்கிறார்.

"வேலை" என்று தெரிந்தேதான் போட்டேன். மாலெம் என்றால் உஸ்தாத், வித்வான் என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள். அங்கே தச்சரும் மாலெம்தான், கொத்தனாரும் மாலெம்தான், தோல் பதனிடுகிறவரும் மாலெம்தான். தமிழில் கிட்ட வரும் சொல் மேஸ்திரி. (மேஸ்திரியே போர்ச்சுகீசிய மெஸ்த்ரேயிலிருந்து வந்ததுதான், அதனால் கணக்கு சரியாகவே இருக்கிறது.) தன் வேலை தெரிந்தவர், பத்துப் பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர், முடித்துக் கொடுத்தால்தான் கூலி என்று தெரிந்தவர்.

அந்த வேலையின் பெயர் லீலா. நம் லீலை இல்லை, அரபியில் இரவு. யாராவது உடம்புக்கு முடியாமல், மருந்தில் தீராமல் கிடப்பார்கள். அவரை ஒரு "ம்லூக்", அதாவது ஓர் ஆவி, பிடித்திருக்கிறது என்று மொகத்தமா கண்டு சொல்வார். மொகத்தமா என்றால் சடங்கைப் பொறுப்பெடுத்து நடத்தும் பெண். பலி நடக்கும். சாயங்காலம் பெரிய தோல் மேளங்களும் மெழுகுவத்தியுமாகத் தெருவில் ஊர்வலம். வீட்டுக்குள் வந்ததும் முதலில் கொஞ்ச நேரம் விளையாட்டும் ஆட்டமும். அதற்குப் பிறகுதான் தணலில் புகை போட்டு, நிறம் நிறமாக ம்லூக்குகளை அழைப்பார்கள். விடியும்வரை போகும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் துணி, தனிப் புகை, தனிப் பாட்டு வரிசை. நீலம் சீதி மூஸாவுக்கு, அவர் கடலுக்குரியவர். மருள் வந்தவர் தலையில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஆடுவார். சிவப்பு சீதி ஹம்முவுக்கு, அவர் இரத்தத்துக்கும் கசாப்புக்கும் உரியவர். கறுப்பில் சீதி மீமூனும் லல்லா ஆயிஷாவும். ஆயிஷாவை அழைக்கும்போது விளக்கை அணைத்துவிடுவதும் உண்டு. மஞ்சள் லல்லா மீராவுக்கு. நிறங்கள் ஏழு என்பார்கள், வரிசை ஊருக்கு ஊர் மாறும்.

இப்போது மாலெம் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் தரையில் உட்கார்ந்து கிம்ப்ரி என்ற மூன்று கம்பி வாத்தியத்தை வாசிக்கிறார், பாடுகிறார். ஆனால் அவர் கண் ஆடுகிறவர் மேலேயே இருக்கும். கால் தள்ளாடுகிறதா, தோள் இறங்குகிறதா, இன்னும் நேரம் வேண்டுமா, வேகம் கூட்டலாமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வந்தது பாதியில் நின்றுவிடும், ஆள் இன்னும் மோசமாகிப் போவார் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லோரும் தன்னைப் பார்க்கும்படி வாசிக்கிற வாத்தியக்காரருக்கு இந்த வேலை சரிப்படாது.

மஹ்மூதை இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அவருடைய பழைய மொராக்கோ கேசட்டுகளைக் கேட்டால் தெரியும். அவசரமே இருக்காது. ஒரே சொற்றொடரை நாலு நிமிடம் அசைக்காமல் வைத்திருப்பார், பிறகு ஒரே ஒரு சுரத்தைத் தள்ளிப் போடுவார், அறையே சாய்ந்த மாதிரி இருக்கும். நான் முதலில் கேட்ட பிரதியில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நாடாவின் பக்கம் முடிந்து "டொக்" என்று நின்றுவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பைத்தியம்.

நாலாம்_கம்பி

"பாஸ் கிட்டார் மேதை" என்று எழுதிய குற்றவாளி நான்தான். மன்னிப்பு. ஆனாலும் ஒரு பாஸ் வாசிக்கிறவனாக என் தரப்பையும் சொல்கிறேன், அந்தக் கருவியிடம் எனக்குப் பொறாமை.

கிம்ப்ரி (ஹஜ்ஹூஜ் என்றும் சொல்வார்கள்) ஒரே கட்டையைக் குடைந்து செய்த நீளப் பெட்டி. மேலே ஒட்டகத் தோல். கழுத்து ஒரு உருண்டைக் கம்பு. கம்பி மூன்றுதான், அதுவும் உலோகம் இல்லை, ஆட்டுக் குடல் நரம்பு. முறுக்காணி கிடையாது, கழுத்தில் சுற்றிய தோல் வாரை நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும். மூன்றில் ஒரு நரம்பைக் குட்டையாகக் கட்டியிருப்பார்கள். அது மந்தரக் கம்பிக்கு ஒரு ஸ்தாயி மேலே. அதில் விரல் வைத்து அழுத்துவதே இல்லை, சும்மா இடையிடையே தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும்.

வலது கை நரம்பை அடிக்கும்போதே விரல் தோலையும் அடிக்கும். அதாவது பாஸும் டிரம்மும் ஒரே ஆள். கழுத்து நுனியில் வளையங்கள் கோத்த ஒரு தகடு செருகுவார்கள், அது ஒவ்வொரு அடிக்கும் "ஸ்ர்ர்" என்று அதிரும். ஒலிப்பதிவுக்காரன் பார்த்தால் முதலில் அதைத்தான் கழற்றச் சொல்வான்!

சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் க்ராகெப். இரும்புச் சிப்ளாக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கைக்கு ஒரு ஜோடி. அந்தத் தாளத்தை எழுதிப் பார்க்க மூன்று நாள் மெனக்கெட்டேன். மூன்றாக எண்ணினால் நாலு மாதிரி இருக்கிறது. நாலாக எண்ணினால் மூன்றுக்குள் சறுக்குகிறது. வேகம் ஏறும்போது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. சமம் எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை.

சும்மா_கேக்குறேன்

எஸ்ஸவீரான்னா ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தங்கி க்னாவா கத்துக்கிட்டு, கோட்டையைப் பாத்து அந்த மணல் கோட்டைப் பாட்டு எழுதின ஊர்தானே?

தேய்ந்த_நாடா

ஆரம்பிச்சுட்டாங்க. அவர் அங்கே போனது 1969 கோடையில், சில நாள். அந்தப் பாட்டு வெளிவந்தது 1967. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கறார்

உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். இந்த மாலெம் நமக்கெல்லாம் தெரிய வந்தது எப்படி? 1994-இல் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸும் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல்லும் எஸ்ஸவீராவுக்குப் போய்ப் பதிவு பண்ணிய இசைத்தட்டு வழியாக. பிறகு 1996-இல் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரத்தில் ஜெர்மன் சாக்ஸபோன்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மான், டிரம் வாசிக்கும் ஹமித் டிரேக் கூட மேடை. கடைசிக் காலத்தில் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், ஜேம்ஸ் ஹோல்டன் என்று எலெக்ட்ரானிக் ஆட்கள். இன்னொரு பக்கம் 1998-இல் அதே ஊரில் தொடங்கிய க்னாவா திருவிழா. நோயாளிக்காக விடியவிடிய நடந்த சடங்கை ஒன்றரை மணி நேர மேடைக்குச் சுருக்கி வெளிநாட்டானுக்கு விற்றார்கள். அதற்குத் துணை போனவர்களில் முதல் வரிசை உங்கள் மேஸ்திரி. "மரபு" என்று கொண்டாடுவதற்கு முன்னால் இதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. இவர்கள் எல்லோரும் சுல்தான் மூலாய் இஸ்மாயிலின் அடிமைப் படையின் வாரிசுகள். அந்தக் கொடுமையைப் பேசாமல் நிறம், புகை என்று கவிதை பாடுவது எனக்கு ஒட்டவில்லை.

தேய்ந்த_நாடா

கறார், இரண்டாவதிலிருந்து வருகிறேன், அதில் பாதி உங்கள் பக்கம்.

அடிமை வரலாறு இல்லாமல் க்னாவா இல்லை. ஆனால் "எல்லோரும்" என்பது தப்பு. மூலாய் இஸ்மாயில் (ஆட்சி 1672–1727) கறுப்பினத்தவரைக் கொண்டு பெரும் படை கட்டியது உண்மை. அதற்கும் முன்னால் 1591-இல் மொராக்கோப் படை சஹாராவைத் தாண்டி சொங்காய் அரசை வீழ்த்தியது, அதற்குப் பிறகும் அடிமைகள் வந்தார்கள். நூற்றாண்டுக் கணக்காக ஒட்டக வணிகத்தோடு வந்தவர்கள் தனி. வீட்டு வேலைக்கு, துறைமுக வேலைக்கு என்று விற்கப்பட்டவர்கள் தனி. எஸ்ஸவீராவையே சுல்தான் மூன்றாம் முஹம்மது 1760-களில்தான் துறைமுகமாகக் கட்டி எழுப்பினார், திம்பக்டுவிலிருந்து வந்த சரக்குக்கு அதுதான் கடல் வாசல். கினியா குடும்பமும் தங்கள் வேரை சஹாராவுக்குத் தெற்கே, மாலிப் பக்கம்தான் சொல்வார்கள்.

இது பாட்டிலேயே இருக்கிறது. சடங்கின் முன்பகுதிப் பாட்டுகளில் ஒரு தொகுதிக்குப் பெயரே "பம்பாராவின் பிள்ளைகள்". ஹவுஸா, ஃபுலானி பெயர்கள் வரும். பாடுகிறவருக்கே பொருள் தெரியாத சொற்கள் வரும், ஆனால் ஓர் எழுத்தை மாற்ற மாட்டார்கள். க்ராகெப் சத்தம் கால் விலங்கின் சத்தம் என்று அவர்களே சொல்லும் கதையும் உண்டு. ஆக, நான் "கவிதை பாடிய" நிறமும் புகையும்தான் அந்த வரலாறு இருக்கும் இடம்.

முதல் குற்றச்சாட்டு: விற்றார். சரி, யாருக்கு எதை விற்றார்? சாண்டர்ஸ் தட்டைக் கேளுங்கள். அதில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று குழப்பமே இல்லை. பெரும்பாலும் கினியா குடும்பம் தன் போக்கில் போகிறது, சாண்டர்ஸ் அதற்குள் இடம் தேடுகிறார். சில இடத்தில் கிடைக்கிறது, சில இடத்தில் சும்மா ஊதுகிறார். அந்தப் பதிவுக்குச் சில நாள் முன்புதான் அவர்களுடைய நண்பர், கிட்டார் வாசித்த சன்னி ஷாராக் இறந்திருந்தார். அவர் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. அதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி.

ப்ரோட்ஸ்மான் விஷயத்தில் வேண்டுமானால் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். அது எனக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் போனில் பேசுவது போலத்தான் இருக்கிறது.

நாலாம்_கம்பி

ஆட்சேபம்! அந்த வெல்ஸ் கச்சேரியில் டிரேக்கின் டிரம் இரண்டு பேருக்கும் நடுவில் கட்டிய பாலம். காது கொடுத்துக் கேளுங்கள்.

காயல்_காற்று

இழைக்கு நன்றி. எனக்கு ஒரு தனி ஆச்சரியம். நேற்று தேடிப்போய்க் கேட்டபோது பாட்டின் நடுவே "ஜிலாலி, ஜிலாலி" என்று வந்தது. மூலாய் அப்துல் காதர் ஜிலாலி, பாக்தாதின் பெரிய வலி (இறைநேசர்). அட, இது நம்ம முஹ்யித்தீன் ஆண்டகை! எங்கள் வீட்டில் ரபியுல் ஆகிர் மாதம் மவ்லிது ஓதும் அதே பெயர், அங்கே கிம்ப்ரியோடு வெள்ளை நிறத்துக்குரிய பாட்டில் வருகிறது.

எஸ்ஸவீராவில் க்னாவாக்களின் தலமே சைய்யிதுனா பிலால் ஸாவியாதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஸாவியா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: சூஃபிகள் கூடும் இடம். பிலால் (ரலி) அபிசீனிய அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், முதல் பாங்கு சொன்னவர். அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு கூட்டம் அவரைத் தங்கள் முன்னோராகப் பிடித்துக்கொண்டதில் என்ன அதிசயம்?

ஆனால் ஜின்களை அழைத்து, மருள் வந்து ஆடுவதெல்லாம் மார்க்கத்தில் எப்படி என்ற கேள்வி எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

தேய்ந்த_நாடா

அந்தக் கேள்வி அங்கேயும் இருக்கிறது. கடுமையாக எதிர்க்கிறவர்கள் உண்டு. க்னாவாக்கள் தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்கிறார்கள், நபி பேரில் ஸலவாத் சொல்லாமல் தொடங்க மாட்டார்கள். சில ம்லூக் வலிமார்கள், சில ஜின்கள், சில இரண்டுக்கும் நடுவில். நான் வெளியாள், இதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

புகை பற்றிக் கேட்டால் உங்களுக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும். அங்கே போடும் முக்கியமான புகைக்குப் பெயர் ஜாவி. "ஜாவாவிலிருந்து வந்தது" என்று பொருள். சுமத்ரா, ஜாவாப் பக்கத்து மரப்பிசின். நம் நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணி என்று கொடுப்பதும் அந்த வகைதான். லீலா நடக்கும் வீட்டில் உங்களை உட்கார வைத்தால் மூக்கு முதலில் "அட, வெள்ளிக்கிழமை சாயங்காலம்" என்றுதான் சொல்லும்.

லியோன்_வாசி

வணக்கம். நான் பிரான்ஸில இருக்கிறன், வழமையா வாசிச்சிட்டுப் போறவள். இதில எழுதாமல் இருக்க முடியேல்லை.

எங்கட மாடியில ஒரு மொராக்கோ அம்மா இருக்கிறா, அறுபது வயசுக்கு மேல. அவவின்ர தாய்க்கு மஞ்சள். அதாவது லல்லா மீரா. ஆண்டுக்கு ஒருக்கா லீலா வைக்க வேணுமாம். ஆட்டுக்கு, சாப்பாட்டுக்கு, புகைக்கு, மாலெமுக்கும் ஆக்களுக்கும் எண்டு காசு சேர்க்கிறதுதான் அந்த வீட்டின்ர வருசக் கவலையாம். லல்லா மீரா வந்தால் தாய் சிரிப்பாவாம், வாசனைத் தண்ணி கேட்பாவாம், இனிப்புக் கேட்பாவாம். "மற்ற நாளில எங்கட அம்மா சிரிச்சு நான் கண்டதில்லை" எண்டு சொன்னா.

நீங்கள் எல்லாரும் மாலெம், மாலெம் எண்டு கதைக்கிறீங்கள். அவ மாலெமின்ர பேரையே ஞாபகம் வைச்சிருக்கேல்லை. மொகத்தமாவின்ர பேர், அவ கட்டின துணி, எந்தத் தோளில கை வைச்சவ எண்டு எல்லாம் ஞாபகம். வாசிக்கிற ஆளை எழுதுற நீங்கள் நடத்துற பொம்பிளையளை ஒரு அடைப்புக்குறிக்குள்ள "கீழே சொல்கிறேன்" எண்டு போட்டுட்டுப் போயிட்டீங்கள்.

தேய்ந்த_நாடா

நியாயமான அடி. தலைப்பில் "ராத்திரியை நடத்தியவரா" என்று நான் கேட்டதே பாதி தப்பு. நடத்துகிறவர் மொகத்தமா. எந்த நிறம், எந்தத் துணி, எப்போது புகை, விழுந்தவரைத் தாங்குவது யார் என்பதெல்லாம் அவர் கையில். மஹ்மூதின் அம்மா ஆயிஷா கப்ரால் பெயர் பெற்ற மொகத்தமா, பிறகு ஸைதா. அந்த வீட்டில் ஆண்கள் நரம்பையும் பெண்கள் புகையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மஹ்மூத் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தது இரண்டையும். அவர் வாசிப்பில் நான் சொன்ன "ஆடுகிறவரைப் பார்க்கும் கண்" அப்பாவிடமிருந்து மட்டும் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

லியோன்_வாசி

இப்ப சரி :)

சும்மா_கேக்குறேன்

பொண்ணுங்க கிம்ப்ரி வாசிக்கவே மாட்டாங்களா?

நாலாம்_கம்பி

வழக்கம் அப்படித்தான் இருந்தது. இப்போது காசாபிளாங்காவில் அஸ்மா ஹம்ஸாவி இருக்கிறார். அப்பா ரஷீத் ஹம்ஸாவி மாலெம், அவரிடமே கற்றவர். குழுவுக்குப் பெயர் "திம்பக்டுவின் பெண்கள்", எல்லோரும் பெண்கள். குரலும் அடியும் கனம். கேட்டுவிட்டு வாருங்கள்.

கறார்

திருவிழா பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நான் அந்த ஊருக்கு வேலை நிமித்தமாகப் போய் நாலு நாள் இருந்தேன். கோட்டைச் சுவர் ஓரம் காற்று முகத்தில் மணலை அறைகிறது. துறைமுகத்தில் நீலப் படகு, மீன் வாடை. சதுக்கத்தில் இரண்டு பையன்கள் சோழி தைத்த தொப்பியோடு க்ராகெப் தட்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பிக் குஞ்சத்தைத் தலையால் சுழற்றுவார்கள், சுற்றுலாக்காரன் போன் எடுப்பான், உடனே கை நீளும். காசு விழுந்ததும் பாட்டு நின்றுவிடும். பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்றீர்களே? அங்கே ஒரு நாளைக்கு நூறு தடவை நிற்கிறது.

தேய்ந்த_நாடா

அந்தப் பையன்கள் யாரையும் குணப்படுத்த வரவில்லை, யாரையும் அழைக்கவும் இல்லை. பிழைப்பு. க்னாவாவில் தெருவில் காசு கேட்பதும் பழைய வழக்கம்தான், சுற்றுலாவுக்காகப் பிறந்தது இல்லை.

திருவிழா சில மாலெம்களுக்குப் பெயரும் பயணமும் வருமானமும் கொடுத்தது. அதற்கு முன்னால் மொராக்கோவிலேயே பலர் இவர்களைப் பிச்சைக்காரர்கள், சூனியக்காரர்கள் என்றுதான் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் க்னாவா சேர்ந்தபோது அதே ஆட்கள் பெருமைப்பட்டார்கள். நஷ்டமும் இருக்கிறது, மறைக்கவில்லை: பத்து மேடைப் பாட்டைக் கற்றுக்கொண்டு மாலெம் என்று அட்டை அடித்துக்கொள்கிற இளைஞர்கள் வந்துவிட்டார்கள். முழு ராத்திரிக்குரிய பாட்டு வரிசை தெரிந்தவர்கள் குறைகிறார்கள் என்று பழையவர்கள் புலம்புகிறார்கள்.

மஹ்மூத் இரண்டு பக்கமும் நின்றவர். அதனால்தான் கேசட்டை முதலில் கேளுங்கள் என்கிறேன். அது வெளிநாட்டானுக்குப் போட்டதில்லை. உள்ளூர் கடையில், உள்ளூர்க்காரன் காசில் விற்றது. பெயரைத் தேடும்போது மட்டும் கவனம்: கினியா, கானியா, கினேயா என்று ஆளுக்கொரு எழுத்தில் இருக்கும். நேரமில்லாதவர்கள் அவருடைய கடைசி ஸ்டூடியோ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். 2017-இல், அவர் போன பிறகு வந்தது. பெயரில் "இரவின் நிறங்கள்" என்றே இருக்கும். ஒலி சுத்தம், அந்த அவசரமில்லாத நடையும் அப்படியே.

கறார்

கேட்டேன். வாதத்தை விடவில்லை, ஆனால் கேட்டேன். இரண்டு தடவை.

நாலாம்_கம்பி

2015 மே மாதத் திருவிழாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. உடம்பு முடியாமல் இருந்தும் மஹ்மூத் மேடைக்கு வந்தார். கிம்ப்ரியை ஹுஸாம் கையில் கொடுத்தார். மூன்று மாதத்தில் போய்விட்டார். ஹுஸாமின் முதல் தட்டு 2019-இல் வந்தது, முழுக்க நீல நிறப் பாட்டுகள், எஸ்ஸவீரா பாணியில். அப்பாவை விட அடி கொஞ்சம் கூர்மை. ஆனால் அந்த ஒரு சுரத்தைத் தள்ளிப் போடும் வேலை இருக்கிறதே, அது வீட்டுச் சொத்து, அப்படியே இருக்கிறது.

லியோன்_வாசி

நேற்று பின்னேரம் அந்த அம்மாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டனான். ஒண்டும் சொல்லாமல் போனில மஹ்மூதின்ர பழைய கேசட் பதிவு ஒண்டைப் போட்டன். கோப்பை பாதி வழியில நிண்டுட்டுது. முதல் அடியிலேயே "மூஸாவி" எண்டு சொன்னா, சீதி மூஸாவின்ர நீலப் பாட்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருந்தா, தோள் மட்டும் மெல்ல அசைஞ்சுது. எனக்குப் பயமாய்ப் போச்சு, நிப்பாட்டட்டோ எண்டு கேட்டன். கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி வேண்டாம் எண்டா.

பதின்மூண்டாவது நிமிசம், வேகம் ஏறுற நேரம், கார் இன்சூரன்ஸ் விளம்பரம் வந்துட்டுது.

என்ர ஆயுசில அப்பிடி ஒரு ஏச்சு வாங்கேல்லை. போன் எனக்குத்தான் சொந்தம், ஆனா அவ பறிச்சுக்கொண்டு தானே திரும்ப முதல்ல இருந்து போட்டு, முடியுமட்டும் மடியிலேயே வைச்சிருந்தா. போகேக்கை வாசல்ல நிண்டு, அடுத்த முறை டவுன்லோட் பண்ணி வை எண்டு சொல்லிட்டுப் போனா.